"நல்ல ஆளே கிடைக்கலை சார்"

நீளமான த்ரெட். கடை, கிளினிக், ஸ்கூல், பட்டறைன்னு எதுக்காவது ஆள் எடுக்கிறவங்க உங்க வீட்டில் இருந்தா அவங்களுக்கும் அனுப்புங்க.

போன வாரம் ஓ.பி.யில் ஒருத்தர். ஐம்பது வயசு இருக்கும். பி.பி. 170/100. மாத்திரையை விடாம சாப்பிடறீங்களான்னு கேட்டேன். "அதெல்லாம் சாப்பிடறேன் சார். கடையில ஆள் நிக்க மாட்டேங்குது, அதுலதான் ஏறுது" என்றார். பதினோரு பேர் வேலை செய்யற கடை. ஒரே வருஷத்தில் ஏழு பேர் போயிட்டாங்களாம். "நல்ல ஆளே கிடைக்கலை சார். இப்ப இருக்கற பசங்களுக்கு வேலை செய்யணும்ங்கற எண்ணமே இல்லை."

மாத்திரையை மாத்தி எழுதிக் குடுத்தேன். ஆள் விஷயத்துக்கு பதில் சொல்ல அன்னிக்கு நேரம் இல்லை, வெளியே வரிசை வாசல் வரைக்கும் நின்னுச்சு. அவருக்குச் சொல்ல நினைச்சதைத்தான் இங்க எழுதறேன்.

காய்ச்சல்னு ஒருத்தர் வந்தா, 'காய்ச்சல்'னே நோய்க்குப் பேர் எழுதிட மாட்டோம். டெங்குவா, டைஃபாய்டா, சிறுநீர்த் தொற்றான்னு பார்ப்போம். 'நல்ல ஆள் கிடைக்கலை'ங்கறதும் அந்த மாதிரி ஒரு அறிகுறிதான். தேடற இடம் தப்பா இருக்கலாம். பார்த்து எடுக்கற முறை தப்பா இருக்கலாம். இல்லை, யார் வந்தாலும் நிக்க முடியாத வேலையா அது இருக்கலாம். என் அனுபவத்தில் கடைசிதான் அதிகம். முதலாளிங்க கடைசியாக்கூட யோசிக்காததும் அதைத்தான்.

நான் வியாபாரம் பண்றவன் இல்லை. ஆனா ஆள் எடுக்கறதை ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கேன்.

என்னை வேலைக்கு எடுத்தது எம்.ஆர்.பி. அதாவது தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2012-ல ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி டாக்டர்களையும் டி.என்.பி.எஸ்.சி.தான் எடுக்கணும். அவங்ககிட்ட இருக்கற நூறு துறையில நாங்களும் ஒண்ணு, எங்க முறை எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குன்னே தனியா ஒரு வாரியம் வெச்சது நல்ல முடிவு. உதவி மருத்துவர் தேர்வுக்கு இப்போ தமிழ்த் தகுதித் தாள் ஒண்ணு, மருத்துவத் தாள் ஒண்ணு. மார்க் வரிசைப்படி பட்டியல். அப்புறம் கவுன்சலிங்ல எந்தெந்த ஊர் காலியா இருக்குன்னு காட்டுவாங்க, ரேங்க் வரிசையில் நாமளே எடுத்துக்கணும். 2025 பிப்ரவரியில் ஒரே விழாவில் 2,642 டாக்டர்களுக்கு நியமன ஆணை குடுத்தாங்க.

இந்த முறையை நான் மனசாரப் பாராட்டுவேன். எங்க அப்பா எனக்காக யார் வீட்டு வாசலிலும் போய் நிக்கலை. இதோட மதிப்பு, சிபாரிசு இல்லாத வீட்டில் பிறந்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஆனா ஒரு கேள்வி இருக்கு. நல்ல மார்க் வாங்கின எம்.பி.பி.எஸ். டாக்டர், சென்னையில் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குப் போகாம, பஸ் ரெண்டு மாறிப் போகற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் வர்றார்? சேவை மனப்பான்மைன்னு மேடையில் சொல்லுவோம். அதுவும் கொஞ்சம் உண்டு. மிச்ச காரணம் மேல்படிப்பு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டுப் பட்டமேற்படிப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கற டாக்டர்களுக்கு ஒதுக்கற வழக்கம் ரொம்ப வருஷமா இருந்துச்சு. நடுவுல சட்டச் சிக்கலில் அது போச்சு. அப்போ ஜூனியர்கள் பலர் "அப்புறம் எதுக்கு சார் பி.எச்.சி.?"ன்னு நேராவே கேட்டாங்க. 2020 ஆகஸ்ட் 31 அன்னிக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி ஒதுக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம்தான் மூச்சு வந்துச்சு.

இதுல எங்களுக்கு வெட்கப்பட ஒண்ணும் இல்லை. கிராமத்தில் வேலை பார்த்தா மேல்படிப்புக்கு ஒரு கதவு திறக்கும், படிச்சு முடிச்சு திரும்ப அரசுக்கே வந்து வேலை பார்க்கணும். குடுக்கல் வாங்கல் ரெண்டும் எழுத்தில் இருக்கு. அரசாங்கம் நல்ல ஆளைத் தேடி அலையலை. நல்ல ஆள் தானா வர்ற மாதிரி அந்த வேலையை அமைச்சுது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் டாக்டர் இருக்கறதுக்கு எம்.ஆர்.பி. பரீட்சையை விட இதுதான் பெரிய காரணம்ங்கறது என் கருத்து.

அதே அரசாங்கம், அதே வாரியம், நர்ஸ் விஷயத்தில் என்ன பண்ணுச்சுன்னும் பாருங்க. 2015-ல எம்.ஆர்.பி. பரீட்சை வெச்சு ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தாங்க. பரீட்சை நியாயமாத்தான் நடந்துச்சு. ஆனா கிடைச்சது தொகுப்பூதியம், மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்தில் நிரந்தரம்னு நம்பி வந்தவங்க. நடக்கலை. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில உட்கார்ந்து போராடினாங்க. கைக்குழந்தையோட வந்து உட்கார்ந்தவங்களும் உண்டு. அடுத்த வருஷம் ஊதியம் 14,000 ஆச்சு. கொரோனா வந்தப்போ தற்காலிகமா எடுத்த நர்ஸ்களில் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை 2022 டிசம்பர் 31-ஓட போதும்னு சொல்லிட்டாங்க. பி.பி.இ. கிட்டுக்குள்ள வேர்த்து நனைஞ்சு எங்க பக்கத்தில் நின்னவங்க அவங்க.

அப்புறம் 'கவர்மென்ட் நர்ஸ் எல்லாம் வெளிநாடு போயிடறாங்க'ன்னா, போகத்தான் செய்வாங்க. எடுத்த ஆள் ரெண்டு தடவையும் நல்ல ஆள்தான். குடுத்த வேலைதான் வேற வேற.

சரி, கவர்மென்ட் கதை எங்களுக்கு எதுக்குன்னு கேட்பீங்க. உங்க கடையில் ஒரு பையன் சேர்ந்தா, ரெண்டு வருஷம் கழிச்சு அவனுக்கு என்ன கிடைக்கும்? கல்லாவில் உட்காருவானா? கொள்முதலுக்கு உங்ககூட வருவானா? சம்பளம் எந்த மாசம் எவ்வளவு ஏறும்? இதுக்கு உங்ககிட்டயே பதில் இல்லைன்னா அவன்கிட்ட மட்டும் எப்படி இருக்கும்? அவன் கடலூர் சிப்காட்டில் ஐந்நூறு ரூபாய் கூடக் குடுத்தா போயிடுவான். நானா இருந்தாலும் போவேன்.

இப்போ பார்த்து எடுக்கற முறைக்கு வர்றேன். இதுல தப்பு பண்ணினவன் நான். அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

சில வருஷம் முன்னாடி வேற ஒரு ஊர் ஆஸ்பத்திரி. தற்காலிக ஸ்டாஃப் நர்ஸ் இடம் ஒண்ணு. பதினாலு பேர் வந்திருந்தாங்க. நேர்காணல் குழுவில் நான் மூணாவது ஆள். ஆளுக்கு அஞ்சு நிமிஷம். "உங்களைப் பத்தி சொல்லுங்க", "ஏன் இந்த வேலைக்கு வரணும்னு நினைக்கறீங்க?" இதான் கேள்வி. ஒரு பொண்ணு கணீர்னு பேசினாங்க, இங்கிலீஷ் நல்லா வந்துச்சு, மார்க்கும் நல்ல மார்க். இன்னொருத்தங்க ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நாலு வருஷம் பிரசவ வார்டு பார்த்தவங்க. வீடு ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு ஸ்டாப். ஆனா குரலே வெளிய வரலை, மேஜையையே பார்த்துக்கிட்டு பேசினாங்க. "கான்ஃபிடன்ஸ் பத்தாது"ன்னு மார்க் ஷீட்டில் எழுதினது என் கைதான்.

முதல் பொண்ணு இருபத்தி மூணாவது நாள் வேலையை விட்டுட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். வீடு தொண்ணூறு கிலோமீட்டர், மாசத்துக்குப் பாதி நாள் இரவுப் பணி. இதை நாங்க முன்னாடியே தெளிவா சொல்லலை. சொன்னா வர மாட்டாங்களோன்னு பயம். ரெண்டாவது ஆளைத் தேடினப்போ அவங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாங்க.

அந்த இடம் காலியாவே கிடந்த ஒரு ராத்திரி, 108-ல ஏழு மாசக் கர்ப்பிணி வந்தாங்க. வழியிலயே ஒரு தடவை வலிப்பு வந்திருந்துச்சு. இருந்த ஒரே நர்ஸ் லேபர் ரூமில் இன்னொரு பிரசவத்தில் இருந்தாங்க. மக்னீசியம் சல்ஃபேட்டை நானே ஆம்பூல் உடைச்சு, நானே உறிஞ்சி, நானே போட்டேன். கையைப் பிடிச்சுக்கிட்டது அந்தப் பொண்ணோட மாமியார். ரெண்டாவது வலிப்பு வந்தப்போ நாக்கைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி தாயும் குழந்தையும் பிழைச்சாங்க. எனக்கு அந்த ராத்திரி முழுக்க மண்டையில ஓடினது 'கான்ஃபிடன்ஸ் பத்தாது'ன்னு நான் எழுதின அந்த ரெண்டு வார்த்தைதான்.

அப்புறம் தேடிப் படிச்சேன். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர்னு ரெண்டு பேர், வேலைக்கு ஆள் எடுக்கற முறைகளைப் பத்தி 85 வருஷமா வந்த ஆராய்ச்சிகளை 1998-ல தொகுத்தாங்க. 2022-ல பால் சாக்கெட் குழு அந்தக் கணக்கைத் திருத்தி மறுபடி போட்டுச்சு. முழுசா சரியா கணிச்சா 1, குருட்டாம்போக்கில் எடுத்தா 0ன்னு வெச்சுக்கோங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மாதிரி மார்க்னு நடத்தற இன்டர்வியூவுக்கு 0.42. மனசுக்குத் தோணினதைப் பேசிப் பார்த்து எடுக்கற இன்டர்வியூவுக்கு 0.19. நாங்க அன்னிக்குப் பண்ணினது ரெண்டாவது வகை. செய்யப்போற வேலையில ஒரு துண்டைக் குடுத்து செய்ய வெச்சுப் பார்க்கறது நல்ல முறைன்னு ரெண்டு தொகுப்புமே சொல்லுது. எத்தனை வருஷ அனுபவம்ங்கற கணக்கு மட்டும் தனியா பெருசா ஒண்ணும் சொல்லாது. இருபது வருஷம் தப்பாவே ஊசி போட்டவங்களும் உண்டு.

எனக்கு வந்த எரிச்சல் என்னன்னா, இது டாக்டர்களுக்குப் புதுசே இல்லை. ஸ்காட்லாந்து டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975-லயே மாணவர்களைச் சோதிக்க 'ஆஸ்கி'ன்னு ஒரு முறையைக் கொண்டு வந்தார். வரிசையா மேஜைகள். ஒரு மேஜையில் பி.பி. பார்க்கணும், அடுத்ததில் எக்ஸ்ரே படிக்கணும், அடுத்ததில் அழற ஒரு தாய்கிட்ட பேசணும். எல்லாருக்கும் அதே மேஜை, அதே நிமிஷம், கையில் இருக்கற பட்டியலைப் பார்த்து மார்க். எங்க படிப்பில் இது இப்போ சாதாரணம். அதே டாக்டர் நேர்காணல் குழுவில் உட்கார்ந்தா "உங்களைப் பத்தி சொல்லுங்க"ன்னு ஆரம்பிக்கறார். நானும் ஆரம்பிச்சேனே.

அடுத்த தடவை வாய்ப்பு வந்தப்போ ஒரு மேஜை, ஒரு டிரே, ஒரு பொம்மை. "பிரசவம் ஆகி பத்து நிமிஷம். ரத்தப்போக்கு நிக்கலை. டாக்டர் மாடியில் இருக்கார். செஞ்சு காட்டுங்க." அழகா பேசினவங்க சிலர் டிரே முன்னாடி நின்னு முழிச்சாங்க. பேசவே கூச்சப்பட்ட ஒருத்தங்க வயித்துல கை வெச்சு கர்ப்பப்பையைத் தேய்ச்சுக்கிட்டே "அக்கா, யாராவது ஓடி வாங்க"ன்னு கத்தினாங்க. முதல்ல உதவிக்குக் கூப்பிடணும்ங்கறதுதான் சரியான விடை. இதுக்கு ஆன செலவு சைபர்.

நெல்லிக்குப்பம் ஆளுங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா என்ன? 1842-ல இருந்து சர்க்கரை ஆலை ஓடற ஊர். கரும்பு வெட்ட ஆள் சேர்க்கற மேஸ்திரி எப்படி எடுக்கறார்னு பாருங்க. பயோடேட்டா கேட்கறதில்லை. போன வருஷம் யார் எவ்வளவு வெட்டினாங்க, யார் பாதியில் போனாங்கன்னு அவருக்கு மனப்பாடம். புது ஆள்னா கத்தி பிடிக்கறதைப் பார்ப்பார். ஏன்னா முன்பணம் குடுத்துக் கூட்டிட்டு வர்றார், ஆள் ஓடிட்டா அடி அவருக்கு. எங்க குழுவில் இருந்த மூணு பேருக்கும் தப்பான ஆளை எடுத்ததால ஒரு ரூபாய் நட்டம் இல்லை. நட்டம் அந்த வலிப்பு வந்த பொண்ணுக்கு.

(முன்பணம் கடனாகி, ஆளையே கட்டிப்போடற கொடுமையும் இதே தொழிலில் உண்டு. அதை நான் நியாயப்படுத்தலை. ஆளை அளக்கற விதத்தை மட்டும் சொல்றேன்.)

கட்டிப்போடறதுன்னதும் ஞாபகம் வருது. சில தனியார் ஆஸ்பத்திரியிலயும் ஸ்கூல்லயும் வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி பீரோவில் வெச்சுப் பூட்டிடறாங்க. ஓடிடக் கூடாதாம். அங்க நல்ல ஆள் யாரும் சேர மாட்டாங்க, வேற வழி இல்லாதவங்கதான் சேருவாங்க. வழி கிடைச்ச அன்னிக்கு சர்டிஃபிகேட்டை மீட்க என்னென்ன பொய் சொல்லணுமோ சொல்லிட்டுப் போவாங்க.

நம்ம பக்கத்து இன்டர்வியூவில் இன்னும் ரெண்டு கேள்வி தவறாம வரும். ஒண்ணு, "எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேர் என்ன?" இது எதைத் தெரிஞ்சுக்கன்னு கேட்கறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். 'நம்ம ஆளு'ன்னு எடுத்தா விசுவாசமா இருப்பான்னு ஒரு நம்பிக்கை. விசுவாசமா இருப்பானோ என்னமோ, நாளைக்கு அவன் சரியா வேலை பார்க்கலைன்னா உங்களால அவனை அனுப்ப முடியாது, அவன் மாமா வந்து திண்ணையில உட்காருவார். அதைவிட, அந்தக் கேள்வியைக் கேட்ட நிமிஷமே ஊரில் பாதித் திறமைசாலிகளை வாசலோட அனுப்பிட்டீங்க. 'நல்ல ஆளே கிடைக்கலை'க்கு இதுவும் ஒரு காரணம்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இன்னொண்ணு பொண்ணுங்ககிட்ட: "கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை எப்போ?" 2017-ல பேறுகால விடுப்பை 12 வாரத்தில் இருந்து 26 வாரமா சட்டத்தில் ஏத்தினதுக்கு அப்புறம் இந்தக் கேள்வி கூடியிருக்கு. 26 வாரம்ங்கறது ஆறு மாசம். உங்க கடையில ஒரு வருஷத்தில் ஏழு பேர் மாறினப்போ காலியா கிடந்த நாளையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

தேடற இடம் பத்தி கொஞ்சம்தான் சொல்லணும். பக்கத்துல தேடுங்க. கிராமத்துப் பின்னணியில் இருந்து படிக்க வர்றவங்க கிராமத்தில் வேலை பார்க்க வாய்ப்பு அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் 2010 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துக்கு மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தே தன்னார்வலர்களை எடுத்தாங்க. எந்த வீட்டுப் பாட்டி சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு நாட்டு மருந்துக்குப் போயிருக்குன்னு அவங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி, ஆள் வேணுமான்னும் கேட்கணும். நம்ம மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் பார்த்தோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் மாட்டி, 2013-ல அரசாங்கம் தனிச் சட்டம் போட்டு எடுத்துக்க வேண்டியதாச்சு. தேவைக்கு மேல இருந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கில். குடும்பத்தை விட்டுட்டு தமிழ்நாடு முழுக்க வேற வேற கல்லூரிக்கும் ஆபீசுக்கும் மாற்றலாகிப் போனாங்க. வேலைக்குச் சேர்ந்தவங்க தப்பு ஒண்ணும் இல்லை, அலைச்சல் மட்டும் அவங்களுக்கு.

நியமன ஆணை குடுக்கற எல்லா மேடையிலும் ஒரு குறள் சொல்லுவாங்க, எதுன்னு உங்களுக்கே தெரியும். அது வர்ற அதிகாரம் 52, தெரிந்து வினையாடல். அதுக்கு முந்தினது 51, தெரிந்து தெளிதல். ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு அதிகாரம், எடுத்த ஆளை வேலையில் வெச்சு நடத்த தனியா ஒரு அதிகாரம். இருபது குறள். நாம மொத்தத்தையும் அஞ்சு நிமிஷத்தில் முடிக்கப் பார்க்கறோம்.

மறுபடி நம்ம பி.பி. பேஷன்ட். தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தா அந்த ஃபைலை அப்படியே மூடிட முடியாது. எப்போ வலி வந்துச்சு, வண்டி எப்போ வந்துச்சு, எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் போச்சுன்னு ஒவ்வொரு சாவையும் விசாரிப்பாங்க, கலெக்டர் வரைக்கும் போகும். எங்களுக்கு அது கஷ்டமான நாள்தான், வேர்த்து விறுவிறுத்துப் போய் நிப்போம். இங்க தாய் மரணங்கள் குறைஞ்சதில் அந்த விசாரணைக்குப் பெரிய பங்கு இருக்கு.

அவர் கடையை விட்டு ஏழு பேர் போயிருக்காங்க. ஒருத்தர்கிட்டகூட ஏன் போனீங்கன்னு அவர் கேட்டிருக்க மாட்டார்னு நினைக்கிறேன். அடுத்த மாசம் பி.பி. பார்க்க வருவார். அதுக்குள்ள அந்த ஏழு பேரில் மூணு பேருக்காவது போன் போட்டு, சண்டை போடாம, காரணம் மட்டும் கேட்டு ஒரு சீட்டில் எழுதிட்டு வரச் சொல்லப் போறேன். மாத்திரை ரெண்டாவது வேளையும் சேர்த்து.